கி.மு. 587-ஆ, 586-ஆ? எருசலேம் வீழ்ந்த ஆண்டைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பாபிலோனியப் படை எருசலேமின் மதிலைப் பிளந்தது நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி. தலையாரிகளுக்கு அதிபதியான நேபுசராதான் ஆலயத்துக்கும் அரண்மனைக்கும் தீ வைத்தது ஐந்தாம் மாதம். இந்த நாட்களை யூத மக்கள் ஒருபோதும் மறக்கவில்லை. நான்காம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாதங்களில் நோற்கப்பட்ட உபவாசங்களைச் சகரியா தீர்க்கதரிசி குறிப்பிடுகிறார். ஐந்தாம் மாதமாகிய ஆப் மாதத்தின் 9-ஆம் நாளில் இன்றும் நோன்பு இருக்கிறார்கள். ஆலயம் எரிந்த நாளை 2 இராஜாக்கள் ஏழாம் தேதி என்றும் எரேமியா பத்தாம் தேதி என்றும் சொல்வதைக்கூட ரபிகள் விட்டுவைக்கவில்லை. ஏழாம் நாளில் பகைவர் உள்ளே நுழைந்தனர், ஒன்பதாம் நாள் மாலையில் தீயிட்டனர், பத்தாம் நாள் முழுவதும் அது எரிந்தது என்று அவர்கள் விளக்கம் தந்தார்கள்.

மாதத்திலும் நாளிலும் இவ்வளவு கவனம் காட்டப்பட்ட அந்த நிகழ்ச்சியின் ஆண்டு எது என்று கேட்டால், ஒரு விளக்கவுரை கி.மு. 586 என்கிறது, இன்னொன்று கி.மு. 587 என்கிறது. வேதபாட வகுப்புக்குக் குறிப்பெழுதும் எவரும் இந்த முரண்பாட்டில் ஒரு முறையாவது தடுக்கி நின்றிருப்பார்கள். ஆய்வாளர்களில் எட்வின் தீலேயும் ஆபிரகாம் மாலமாத்தும் 586 என்றார்கள். வில்லியம் ஆல்பிரைட் 587 என்றார். பின்னாளில் ராட்ஜர் யங் அதே ஆண்டை வேறு வழியில் நிறுவ முயன்றார். இவர்கள் அனைவரும் பார்த்தது ஒரே வசனங்களையும் ஒரே களிமண் பலகைகளையும்தான். சான்றுகளில் வேறுபாடு இல்லை. ஆண்டை எண்ணும் முறையில்தான் வேறுபாடு இருக்கிறது. இந்த ஆய்வு அந்த எண்ணும் முறையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கிறது.

அசையாத தூண்கள்

முதலில் உறுதியானவற்றை நிறுத்திக்கொள்வோம். பெர்லின் அருங்காட்சியகத்தில் வாட் 4956 என்ற எண்ணுடன் ஓர் ஆப்பெழுத்துப் பலகை இருக்கிறது. எருசலேமை வீழ்த்திய பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரின் 37-ஆம் ஆண்டில் பாபிலோனில் வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்த நாட்குறிப்பின் பிற்காலப் படி அது. அந்த ஆண்டின் முதல் மாதப் பிறை ரிஷபத்துக்குப் பின்னால் தெரிந்தது என்றும், அப்போது சனிக்கிரகம் அவர்கள் தகைவிலான் என்று அழைத்த, இன்றைய மீன ராசியை ஒட்டிய விண்மீன் கூட்டத்துக்கு முன்னே நின்றது என்றும் அது தொடங்குகிறது. நிலவையும் கிரகங்களையும் பற்றி ஏறக்குறைய 30 குறிப்புகள் அதில் உள்ளன. சனி ராசிமண்டலத்தை ஒரு முறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே சனி, மற்றக் கிரகங்கள், பிறை ஆகிய எல்லாம் அந்தந்த இடத்தில் ஒருசேர நிற்கும் ஆண்டு அந்தக் காலப்பகுதியில் ஒன்றுதான் அமைகிறது: கி.மு. 568 வசந்தத்தில் தொடங்கி 567 வசந்தத்தில் முடிந்த ஆண்டு.

37-ஆம் ஆண்டு 568/567 என்றால், முதலாம் ஆண்டு 604/603, ஏழாம் ஆண்டு 598/597, 18-ஆம் ஆண்டு 587/586, 19-ஆம் ஆண்டு 586/585. பண்டைய வானியலாளர் தாலமியின் அரசர் பட்டியலும் இதே கணக்கையே தருகிறது. அந்த அரசரின் ஆட்சியாண்டுகள் பொறித்த வணிகப் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்து இதை உறுதிப்படுத்துகின்றன. எருசலேம் கி.மு. 607-இல் வீழ்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. நேபுகாத்நேச்சார் அரியணை ஏறியதே கி.மு. 605 செப்டம்பரில்தான் என்பதால் அந்தக் கூற்று இந்தச் சான்றுகளுக்கு முன் நிற்காது.

இரண்டாவது தூண் லண்டனில் இருக்கிறது. டொனால்ட் வைஸ்மன் 1956-இல் வெளியிட்ட அந்தப் பாபிலோனிய வரலாற்றுப் பலகை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஏழாம் ஆண்டு ஒன்பதாம் மாதமாகிய கிஸ்லிமுவில் அரசன் படை திரட்டினான், சிரியா, பாலஸ்தீனப் பகுதியாகிய ஹத்தி நாட்டுக்குப் போனான், யூதாவின் நகரத்தை முற்றுகையிட்டான், பன்னிரண்டாம் மாதமாகிய ஆதாரின் இரண்டாம் நாளில் நகரத்தைப் பிடித்து அதன் அரசனைச் சிறைப்பிடித்தான், தன் மனதுக்கேற்ற ஒருவனை அங்கே அரசனாக்கினான் என்று அது சொல்கிறது. பிடிபட்டவன் யோயாக்கீன், அரியணையில் அமர்த்தப்பட்டவன் யூதாவின் கடைசி அரசனான சிதேக்கியா. நம் நாட்காட்டியில் அந்த நாள் கி.மு. 597 மார்ச் 16. அக்கால யூதா வரலாற்றில் இவ்வளவு துல்லியமாக நாள் குறிக்கத்தக்க நிகழ்ச்சி வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்தப் பலகை நேபுகாத்நேச்சாரின் 11-ஆம் ஆண்டோடு, அதாவது 594/593-ஓடு, நின்றுவிடுகிறது. இன்னும் ஆறேழு ஆண்டுக் குறிப்புகள் கிடைத்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திராது. அவை இல்லாததால், 597-ஐ ஒரு முனையாக வைத்துக்கொண்டு, வேதாகமம் தரும் ஆட்சியாண்டுகளின் வழியே நகரத்தின் முடிவு வரை நாம்தான் எண்ணிப் போக வேண்டியிருக்கிறது.

எண்ணுவதில் உள்ள இரண்டு கேள்விகள்

பாபிலோனில் மாதம் பிறை கண்ட மாலையில் பிறந்தது. அப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும்; சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறையும். அந்தக் குறையை ஈடுசெய்ய, ஆறாம் மாதத்துக்கோ பன்னிரண்டாம் மாதத்துக்கோ பிறகு ஓர் அதிக மாதத்தைச் சேர்த்தார்கள். ஆண்டு நிசான் மாதத்தில், நம் மார்ச்-ஏப்ரலில், தொடங்கியது. இஸ்ரவேலரும் மாதங்களை நிசானிலிருந்தே எண்ணினார்கள். சாலொமோன் காலத்து சீப், பூல், ஏத்தானீம் என்ற பழைய பெயர்கள் வழக்கொழிந்து பாபிலோனியப் பெயர்களே அவர்களிடம் நிலைத்தன. ஆயினும் மாதத்தை நிசானிலிருந்து எண்ணுபவர்கள் அரசனின் ஆண்டையும் நிசானிலிருந்தே தொடங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏழாம் மாதமான திஷ்ரியிலிருந்து, அதாவது செப்டம்பர்-அக்டோபரிலிருந்து, ஆட்சியாண்டைத் தொடங்கலாம். எது யூதாவின் வழக்கம் என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, அரசன் பட்டமேற்ற ஆண்டை என்ன செய்வது என்பது. பாபிலோனில் பட்டமேற்ற நாளிலிருந்து அடுத்த நிசான் வரை உள்ள மாதங்களைப் பட்டமேற்ற ஆண்டு என்று தனியே வைத்து, நிசான் முதல் தேதியிலிருந்தே முதலாம் ஆண்டை எண்ணினார்கள். இதை விட்டெண்ணும் முறை என்று இங்கே அழைக்கிறேன். சில மாதங்களோ சில நாட்களோ ஆனாலும் பட்டமேற்ற ஆண்டையே முதலாம் ஆண்டாகக் கொள்வது சேர்த்தெண்ணும் முறை. இஸ்ரவேல், யூதா அரசர்களின் பட்டியலில் இரண்டு முறைகளும் வெவ்வேறு காலங்களில் வழங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை.

யூதாவில் திஷ்ரி ஆண்டு வழங்கியதற்குச் சிறிய, ஆனால் தெளிவான தடயங்கள் உண்டு. யூதா அரசன் யோசியாவின் 18-ஆம் ஆண்டில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, நியாயப்பிரமாண புத்தகம் கிடைக்கிறது, தேசமெங்கும் சிலைகள் அழிக்கப்படுகின்றன, பிறகு பஸ்கா பண்டிகை ஆசரிக்கப்படுகிறது. இவை எல்லாம் அதே 18-ஆம் ஆண்டுக்குள் நடந்தவை. பஸ்கா நிசான் 14-இல் வருகிறது. ஆண்டு நிசான் முதல் தேதியில் பிறந்திருந்தால், இத்தனையும் பதின்மூன்று நாளில் நடந்து முடிந்ததாகிவிடும். நெகேமியா நூலில் இன்னொரு தடயம் இருக்கிறது. பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் 20-ஆம் ஆண்டு கிஸ்லேயு (கிஸ்லிமு) மாதத்தில் எருசலேமின் நிலையை நெகேமியா கேள்விப்படுகிறார்; அதற்குப் பிறகு வரும் நிசானில் ராஜாவுக்கு முன்பாக நிற்கிறார்; அதுவும் 20-ஆம் ஆண்டாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் மாதம் முன்னும் முதலாம் மாதம் பின்னுமாக ஒரே ஆண்டில் வர வேண்டுமானால், அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒரே வாக்கியம், இரண்டு நீளங்கள்

இந்தக் கேள்விகள் எவ்வளவு ஆழமாக வெட்டுகின்றன என்பதை முற்றுகையின் காலத்தில் பார்க்கலாம். சிதேக்கியாவின் ஒன்பதாம் ஆண்டு பத்தாம் மாதம் பத்தாம் தேதி முற்றுகை தொடங்கியது. பதினோராம் ஆண்டு நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி மதில் பிளந்தது. அது எத்தனை மாத முற்றுகை?

ஆண்டு நிசானில் பிறந்தால், பத்தாம் மாதமாகிய தேபேத் ஆண்டின் கடைசிப் பகுதியில் விழுகிறது. ஒன்பதாம் ஆண்டில் மூன்று மாதம்கூட மீதமில்லை. பத்தாம் ஆண்டு முழுவதும் சேர்கிறது. பதினோராம் ஆண்டில் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். ஆக, ஒன்றரை ஆண்டு. ஆண்டு திஷ்ரியில் பிறந்தால், அதே தேபேத் ஆண்டு தொடங்கி நான்காவது மாதம் ஆகிறது. ஒன்பதாம் ஆண்டில் இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பத்தாம் ஆண்டு முழுவதும் சேர்கிறது. பதினோராம் ஆண்டில் நான்காம் மாதமாகிய தம்மூஸ் வரை ஒன்பது மாதத்துக்கு மேல் போகிறது. ஆக, இரண்டரை ஆண்டு. எழுத்து ஒன்றும் மாறவில்லை. பஞ்சத்தால் நகரத்துக்குள் அப்பமில்லாமல் போன மக்கள் ஒன்றரை ஆண்டு தாங்கினார்களா, இரண்டரை ஆண்டு தாங்கினார்களா என்பது மட்டும் மாறிவிடுகிறது.

இப்போது 597 மார்ச்சிலிருந்து சிதேக்கியாவின் ஆண்டுகளை எண்ணலாம். நிசானில் தொடங்கி விட்டெண்ணினால், முதலாம் ஆண்டு 597 நிசானில் பிறக்கிறது. பதினோராம் ஆண்டு 587 நிசானில் பிறக்கிறது. மதில் பிளந்தது 587 ஜூலை. திஷ்ரியில் தொடங்கி விட்டெண்ணினால், முதலாம் ஆண்டு 597 திஷ்ரிக்குத் தள்ளிப் போகிறது. பதினோராம் ஆண்டு 587 திஷ்ரியிலிருந்து 586-இன் ஆறாம் மாதமாகிய எலூல் வரை. மதில் பிளந்தது 586 ஜூலை. இந்த இரண்டிலும் முற்றுகை தொடங்கும் நாள் ஒன்றேதான், கி.மு. 588 ஜனவரி; முடியும் நாள்தான் ஓர் ஆண்டு விலகுகிறது. திஷ்ரியில் தொடங்கிச் சேர்த்தெண்ணினால், 598 திஷ்ரியில் பிறந்து நடந்துகொண்டிருந்த ஆண்டே சிதேக்கியாவின் முதலாம் ஆண்டு. அப்போது முற்றுகை 589 ஜனவரியில் தொடங்கி, மதில் 587 ஜூலையில் பிளக்கிறது. நான்காவது வழியான நிசானில் தொடங்கிச் சேர்த்தெண்ணும் கணக்கு 588-க்குக் கொண்டுபோகிறது. அது நேபுகாத்நேச்சாரின் ஆண்டுகளோடு எந்த வகையிலும் பொருந்தாததால் அதை விட்டுவிடலாம்.

எட்டா, ஏழா? பத்தொன்பதா, பதினெட்டா?

நேபுகாத்நேச்சாரின் ஆண்டுகளே இதைத் தீர்த்துவைக்காதா என்றால், அங்கேதான் விவாதம் சூடுபிடிக்கிறது. யோயாக்கீன் பிடிபட்டது நேபுகாத்நேச்சாரின் எட்டாம் ஆண்டு என்கிறது 2 இராஜாக்கள் 24:12. எரேமியா 52:28 ஏழாம் ஆண்டில் 3,023 பேர் கொண்டுபோகப்பட்டார்கள் என்கிறது. ஆலயம் எரிந்தது 19-ஆம் ஆண்டு என்கிறது 2 இராஜாக்கள் 25:8. எரேமியா 52:29 எருசலேமிலிருந்து 832 பேர் 18-ஆம் ஆண்டில் கொண்டுபோகப்பட்டார்கள் என்கிறது. இரண்டு இடங்களிலும் வேறுபாடு சரியாக ஒன்று. முதல் இணையில் ஏழு என்பதே பாபிலோனியரின் சொந்தக் கணக்கு என்று வைஸ்மன் பலகை காட்டிவிட்டது. அப்படியானால் இராஜாக்கள் நூலின் ஆசிரியர் நேபுகாத்நேச்சாரின் பட்டமேற்ற ஆண்டையும் சேர்த்தெண்ணினார் என்றும், அவருடைய 19 பாபிலோனியரின் 18 என்றும், அது 587 என்றும் கொள்வது நேரான வழி.

586 என்போர் இதற்குச் சொல்லும் மறுமொழியும் எளிதில் தள்ளத்தக்கது அல்ல. நகரம் பிடிபட்ட ஆதார் 2-க்கும் அடுத்த ஆண்டு பிறக்கும் நிசான் முதல் தேதிக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. யோயாக்கீனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனது ஆண்டு திரும்பும் வேளையில் என்று 2 நாளாகமம் 36:10 சொல்கிறது. ஆகவே ஏழாம் ஆண்டில் நகரம் பிடிபட்டு, எட்டாம் ஆண்டு பிறந்தபின் அரசன் கொண்டுபோகப்பட்டான் என்றால் எட்டு என்பதும் பாபிலோனியக் கணக்கே ஆகிவிடும். 19 என்பதும் அப்படியே 586-ஐக் குறிக்கும். எரேமியா 52 சொல்லும் 832 பேர், முற்றுகை நடக்கும்போதே கல்தேயரிடம், அதாவது பாபிலோனியரிடம், ஓடிவந்தவர்களாக இருக்கலாம். அப்படி ஓடிப்போன யூதருக்குத் தான் பயப்படுவதாகச் சிதேக்கியாவே எரேமியாவிடம் சொன்னது 38-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மேலும் எரேமியா 52:28-30 பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இல்லை; அது வேறொரு பதிவேட்டிலிருந்து வந்து சேர்ந்த பகுதி என்று கருத இடமுண்டு.

சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டே நேபுகாத்நேச்சாரின் 18-ஆம் ஆண்டு என்ற எரேமியா 32:1 இரு தரப்புக்கும் இசைகிறது. 586 கணக்கில் இரண்டும் 587 வசந்தத்திலிருந்து எலூல் வரை ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. 587 கணக்கில் 588-இன் அதே மாதங்களில் படிகின்றன. இந்த வசனத்தை எந்தத் தரப்பின் ஆயுதமாக்குவதும் சரியல்ல.

முப்பத்தேழாம் ஆண்டின் சாட்சி

தராசை ஒரு பக்கம் சாய்ப்பது, நகரம் வீழ்ந்து வெகுகாலம் கழிந்து நடந்த ஒரு காரியம் என்று கருதுகிறேன். யோயாக்கீனின் சிறையிருப்பின் 37-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதத்தில், நேபுகாத்நேச்சாரின் மகன் ஏவில்மெரொதாக் தான் ராஜாவான ஆண்டிலே அவனைச் சிறையிலிருந்து விடுவித்துத் தன் பந்தியில் அமர்த்தினான் என்று 2 இராஜாக்கள் நூல் முடிகிறது. யோயாக்கீன் கற்பனை மனிதன் அல்ல. அவனுக்கும் அவன் குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த அரண்மனைக் கணக்குப் பலகைகள் பாபிலோனில் கிடைத்து, 1939-இல் எர்ன்ஸ்ட் வைட்னரால் வெளியிடப்பட்டன.

நேபுகாத்நேச்சார் இறந்து அவன் மகன் பட்டமேற்றது கி.மு. 562 அக்டோபர். பட்டமேற்ற அந்த ஆண்டின் பன்னிரண்டாம் மாதமாகிய ஆதார், 561 வசந்தத்தில் வருகிறது. யோயாக்கீன் பிடிபட்டது 597 ஆதார். 597 ஆதாரிலிருந்து 561 ஆதார் வரை 36 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அதை 37-ஆம் ஆண்டு என்று எழுத வேண்டுமானால், பிடிபட்ட மாதம் இருந்த ஆண்டையே முதலாம் ஆண்டாக எண்ணியிருக்க வேண்டும். ஆண்டு நிசானில் பிறந்ததென்று கொண்டாலும் திஷ்ரியில் பிறந்ததென்று கொண்டாலும் இந்த முடிவு மாறாது. முதல் கேள்வியைச் சாராமல் இரண்டாவது கேள்விக்கு விடை தருவதுதான் இந்தச் சான்றின் பலம்: சிறையிருப்பின் ஆண்டுகளை எண்ணியவர்கள் சேர்த்தெண்ணினார்கள்.

இதே கணக்கை எசேக்கியேலுக்குக் கொண்டுபோகலாம். யோயாக்கீனோடு கொண்டுபோகப்பட்ட கூட்டத்தில் இருந்த அவர், தம் தேதிகளை அந்தச் சிறையிருப்பின் ஆண்டுகளிலேயே எழுதுகிறார். சிறையிருப்பின் பன்னிரண்டாம் ஆண்டு பத்தாம் மாதம் ஐந்தாம் தேதி, எருசலேமிலிருந்து தப்பின ஒருவன் அவரிடத்தில் வந்து, நகரம் அழிக்கப்பட்டது என்று சொன்னான். 597-இன் தொடக்கத்திலிருந்த தேபேத் முதலாம் ஆண்டைச் சேர்ந்தது என்றால், பன்னிரண்டாம் ஆண்டின் தேபேத் 586 ஜனவரி. அப்போது நகரம் அதற்கு முந்தைய கோடையில், 587-இல், வீழ்ந்திருக்க வேண்டும். மதில் பிளந்த ஜூலைக்கும் செய்தி வந்த ஜனவரிக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மாதம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு எஸ்றாவின் கூட்டம் நான்கு மாதத்தில் நடந்துவந்தது என்பதை நினைத்தால், ஒளிந்தும் அலைந்தும் வந்த ஒருவனுக்கு இது இயல்பான இடைவெளி. இதே வழியில் எசேக்கியேல் 24:1 சொல்லும் ஒன்பதாம் ஆண்டு தேபேத் 589 ஜனவரி ஆகிறது. அது திஷ்ரியில் தொடங்கிச் சேர்த்தெண்ணிய மூன்றாவது கணக்கோடு நாள் பிசகாமல் பொருந்துகிறது.

நிசானில் தொடங்கி விட்டெண்ணும் கணக்கு இங்கேதான் இடறுகிறது. அதன்படியும் நகரம் வீழ்ந்தது 587 ஜூலைதான். ஆனால் சிறையிருப்பின் ஆண்டுகளை அதே முறையில் எண்ணினால் தப்பினவன் வந்து சேர்ந்தது 585 ஜனவரி ஆகிவிடும். ஒன்றரை ஆண்டு அவன் எங்கே இருந்தான்? சில எபிரெயக் கையெழுத்துப் படிகளும் சீரியாக் மொழிபெயர்ப்பும் பன்னிரண்டு என்ற இடத்தில் பதினொன்று என்று வாசிக்கின்றன என்பது உண்மையே. எனினும் கணக்குக்காக வசனத்தைத் திருத்துவதைவிட, வசனம் இருந்தபடியே பொருந்தும் கணக்கைத் தேடுவதே முறை.

586 தரப்புக்கு இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. எசேக்கியேல் பாபிலோனில் இருந்து எழுதியவர். கூட்டம் புறப்பட்ட 597 நிசானிலிருந்தே அவர் ஆண்டுகளை எண்ணியிருக்கலாம். அப்போது 585 ஜனவரியும் 586 ஜூலையும் அதே ஆறு மாத இடைவெளியோடு பொருந்தும். இது நடக்கக்கூடியதே. ஆனால் அதற்கு, ஒரே அரசனின் ஒரே சிறையிருப்பை இராஜாக்கள் நூல் ஒரு முறையிலும் எசேக்கியேல் இன்னொரு முறையிலும் எண்ணினார்கள் என்று கொள்ள வேண்டும். 587-க்கு அந்தக் கூடுதல் அனுமானம் தேவையில்லை. எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டுக் கல்தேயர் முற்றுகையை விட்டு விலகியது, விடுதலை செய்த அடிமைகளை எருசலேமின் பிரபுக்கள் அந்த இடைவேளையில் மீண்டும் பிடித்துக்கொண்டது, படை திரும்பி வந்து மறுபடி சூழ்ந்தது ஆகிய அனைத்துக்கும் இரண்டரை ஆண்டு முற்றுகையில் தாராளமாக இடமிருக்கிறது என்பதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

யோயாக்கீனின் தந்தை யோயாக்கீமின் மூன்றாம் ஆண்டு என்ற தானியேல் 1:1-க்கும் நான்காம் ஆண்டு என்ற எரேமியா 25:1-க்கும் இடையே தோன்றும் வேறுபாட்டை அணுகுவோரும் இதே இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்: ஆண்டு எந்த மாதத்தில் பிறந்தது, பட்டமேற்ற ஆண்டு எண்ணில் சேர்ந்ததா. அது தனியே எழுத வேண்டிய அளவுக்கு நீளமானது.

என் வகுப்புக் குறிப்புகளில் நெடுங்காலம் 586 என்று மட்டுமே எழுதி வந்தேன். இப்போது அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: முற்றுகை கி.மு. 589 ஜனவரி, மதில் பிளந்தது 587 ஜூலை, ஆலயம் எரிந்தது அதே ஆண்டு ஆகஸ்ட். ஆட்சியாண்டு திஷ்ரியில் தொடங்கிப் பட்டமேற்ற ஆண்டும் சேர்த்தெண்ணப்பட்டது. விட்டெண்ணினால் மதில் பிளந்தது 586 ஜூலை.